வெளிவராத ஆல்பமும் அதை விடாத ரசிகர்களும்

1967 மே 6 தேதியிட்ட 'டிஸ்க் அண்ட் மியூசிக் எக்கோ' என்ற பிரிட்டிஷ் வார இதழில் டெரெக் டெய்லர் ஒரு செய்தி எழுதினார். அமெரிக்க பாப் குழுவான பீச் பாய்ஸின் விளம்பரப் பொறுப்பில் இருந்தவர் அவர். குழுவின் இசையமைப்பாளர் பிரையன் வில்சன் மாதக்கணக்கில் உழைத்துவந்த 'ஸ்மைல்' ஆல்பம் கைவிடப்பட்டுவிட்டது என்பதுதான் செய்தி. அதற்குள் கேபிடல் ரெக்கார்ட்ஸ் நிறுவனம் அந்த ஆல்பத்துக்காக நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகளை அச்சடித்து அடுக்கி வைத்திருந்தது. சிரிப்பு விற்கும் கடையாக ஃபிராங்க் ஹோம்ஸ் வரைந்த அழகான அட்டை. உள்ளே வைக்க இசைத்தட்டுதான் இல்லை.

அந்த இசைத்தட்டு முறையாக வெளிவர 2011 ஆகிவிட்டது. இடைப்பட்ட நாற்பத்து நான்கு ஆண்டுகளும் ஒரு கூட்டம் அதைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தது. எந்தப் பாட்டுக்கு அடுத்து எந்தப் பாட்டு, எது முடிந்தது, எது பாதியில் நின்றது, யார் கெடுத்தார்கள் என்று. கைவிடப்பட்ட ஆல்பங்கள் பாப் இசையில் ஏராளம். பெரும்பாலானவை அப்படியே மறந்துபோயின. ஸ்மைல் மறக்கப்படாததற்கு அதன் இசை முக்கியக் காரணம்தான். ஆனால் இன்று நாம் கேட்கும் வடிவம் அதற்குக் கிடைத்ததில் பிரையனுக்கும் பாடலாசிரியருக்கும் அடுத்தபடியாக ரசிகர்களுக்குப் பங்கு உண்டு. எப்படி என்று புரிய, பாடல்கள் பதிவான விதத்திலிருந்து தொடங்க வேண்டும்.

பீச் பாய்ஸ் 1961இல் கலிஃபோர்னியாவின் ஹாத்தோர்ன் நகரில் தொடங்கிய குழு. பிரையன், டென்னிஸ், கார்ல் என்று மூன்று வில்சன் சகோதரர்கள், அவர்களுடைய ஒன்றுவிட்ட சகோதரர் மைக் லவ், நண்பர் ஆல் ஜார்டின். கடலலை, கார், கோடை என்று பாடிப் புகழ்பெற்றார்கள். 1964 டிசம்பரில் விமானத்தில் பிரையனுக்குக் கடுமையான மனப்பதற்றம் வந்தது. அதன் பிறகு அவர் பெரும்பாலும் மேடையேறுவதை விட்டுவிட்டார். மற்றவர்கள் ஊர் ஊராகக் கச்சேரிக்குப் போக, அவர் லாஸ் ஏஞ்சல்ஸ் ஸ்டுடியோக்களில் உட்கார்ந்து இசையமைத்தார். 1966 மே மாதம் 'பெட் சவுண்ட்ஸ்' வந்தது. அக்டோபரில் 'குட் வைப்ரேஷன்ஸ்' வந்தது.

அந்த 'குட் வைப்ரேஷன்ஸ்' பாட்டில்தான் எல்லாம் மாறியது. மூன்றரை நிமிடப் பாட்டு. அதற்காக 1966 பிப்ரவரி முதல் செப்டம்பர் வரை லாஸ் ஏஞ்சல்ஸின் நான்கு ஸ்டுடியோக்களில் மாறி மாறிப் பதிவு நடந்தது. அதுவரை ஒரு பாட்டைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே மூச்சில் வாசித்துப் பதிவு செய்வதுதான் வழக்கம். பிரையன் பாட்டைத் துண்டுதுண்டாகப் பதிவு செய்தார். சரணம் ஒரு நாள், பல்லவி வேறொரு நாள் வேறொரு ஸ்டுடியோவில், நடுவில் வரும் ஆர்கன் பகுதி இன்னொரு நாள். பிறகு டேப்பை வெட்டி ஒட்டினார். ஹெட்ஃபோனில் கேட்டுப் பாருங்கள். மெதுவான சரணம் முடிந்து செல்லோவும் எலக்ட்ரோ-தெரமின் என்ற மின்னணு வாத்தியமும் புகும் இடத்தில் அறையே மாறிவிடும். எதிரொலி மாறும், டிரம்ஸின் தூரம் மாறும். ஒட்டிய இடத்தை மறைக்க அவர் மெனக்கெடவில்லை. அந்தத் திடீர்த் தாவல்தான் பாட்டின் கிளர்ச்சியே.

பாட்டு அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதலிடம் பிடித்தது. சரி, ஒரு பாட்டில் செய்ததை ஓர் ஆல்பம் முழுக்கச் செய்தால் என்ன என்று பிரையன் இறங்கினார். வரிகளுக்கு வான் டைக் பார்க்ஸ் வந்தார். வயது இருபத்து மூன்று, சொல் விளையாட்டில் கெட்டிக்காரர். பெவர்லி ஹில்ஸ் வீட்டில் மணலைக் கொட்டி அதன் மேல் பியானோவை வைத்து இருவரும் பாட்டெழுதினார்கள். மணல் கதை ரசிகர்கள் சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதை என்றாலும் உண்மை.

இங்கேதான் சிக்கல். துண்டுகளுக்கு ஒரு பாட்டோடு மட்டும் உறவில்லை. 'டூ யூ லைக் வார்ம்ஸ்' என்ற பாட்டில், பியானோவுக்கு முந்தைய வாத்தியமான ஹார்ப்சிகார்டில் ஒரு சின்ன மெட்டு வருகிறது. 'பைசைக்கிள் ரைடர்' என்று அதற்குப் பெயர். அமெரிக்காவில் பரவலாக விற்கும் சீட்டுக்கட்டின் பின்புறப் படத்திலிருந்து எடுத்த பெயர். அதே மெட்டு 'ஹீரோஸ் அண்ட் வில்லன்ஸ்' பாட்டுக்குப் பல்லவியாகவும் ஆனது. அப்படியானால் அந்தத் துண்டு யாருடையது? 1967 ஜனவரியிலிருந்து பிரையன் 'ஹீரோஸ் அண்ட் வில்லன்ஸ்' பாட்டுக்கே துண்டு மேல் துண்டாகப் பதிவு செய்துகொண்டிருந்தார். எந்தத் துண்டை எதோடு ஒட்டினாலும் ஏதோ ஒரு பாட்டு கிடைக்கும். எது சரியான பாட்டு என்று அவரே முடிவுசெய்ய முடியாத நிலை வந்தது. இன்று கணினியில் ஒரு மணி நேரத்தில் பத்து வரிசைகளைப் போட்டுப் பார்க்கலாம். அன்று ஒவ்வொன்றுக்கும் டேப்பை பிளேடால் வெட்டிப் பசை நாடாவால் ஒட்ட வேண்டும்.

அதனால்தான் ஸ்மைல் மற்ற எந்த ஆல்பத்தையும் விட ரசிகர்களை இழுத்தது. முடியாத ஓவியத்தை நாம் பார்க்க மட்டுமே முடியும். ஸ்மைலின் துண்டுகள் கையில் கிடைத்தால் நாமே ஒட்டிப் பார்க்கலாம்.

துண்டுகள் உடனே கிடைத்துவிடவில்லை. முதலில் கிடைத்தது கதை. 1967 அக்டோபரில் 'சீட்டா' என்ற இதழில் ஜூல்ஸ் சீகல் எழுதிய நீண்ட கட்டுரை ஸ்மைல் நாட்களைக் கூட இருந்து பார்த்தவரின் பதிவு. அடுத்த ஆண்டு 'க்ராடாடி' இதழில் பால் வில்லியம்ஸ், பிரையனின் நெருங்கிய கூட்டாளியாக இருந்த டேவிட் ஆண்டர்லியோடு நடத்திய உரையாடல் வந்தது. இந்த இரண்டிலிருந்துதான் ஸ்மைல் புராணம் பிறந்தது: மேதை ஒருவர், அவரைப் புரிந்துகொள்ளாத குடும்பம், கைநழுவிய மாபெரும் படைப்பு.

அப்புறம் பாடல்கள் ஒவ்வொன்றாகக் கசியத் தொடங்கின. 1967 செப்டம்பரில் ஸ்மைலுக்குப் பதிலாக 'ஸ்மைலி ஸ்மைல்' வந்தது. பல பாடல்களை பிரையனின் வீட்டிலேயே எளிமையாகத் திரும்பப் பாடிப் பதிவு செய்த ஆல்பம் அது. 1969இல் '20/20' ஆல்பத்தில் 'அவர் பிரேயர்', 'கேபினெசென்ஸ்' இரண்டும் வந்தன. 1971இல் 'சர்ஃப்ஸ் அப்' வந்தது.

'சர்ஃப்ஸ் அப்' பாட்டைக் கொஞ்சம் நின்று கேட்க வேண்டும். முதல் பகுதிக்கு 1966 நவம்பரில் பதிவான வாத்திய இசை. அதன் மேல் 1971இல் கார்ல் பாடினார். இரண்டாம் பகுதி 1966 டிசம்பரில் பிரையன் தனியாகப் பியானோ வாசித்துப் பாடியது. மூன்றாவதாக, 'சைல்ட் இஸ் ஃபாதர் ஆஃப் தி மேன்' என்ற இன்னொரு முடிவுறாத ஸ்மைல் பாட்டின் குரல் இழைகள் வந்து சேர்கின்றன. இருபத்து நான்கு வயது அண்ணனின் குரலும் அதே வயதை எட்டிவிட்ட தம்பியின் குரலும் ஒரே பாட்டில், ஐந்து வருட இடைவெளியைத் தாண்டிக் கைகோக்கின்றன. ஒட்டு தெரிகிறது. தெரிந்தும் மனதை உருக்குகிறது. பீச் பாய்ஸின் எல்லாப் பாட்டிலும் எனக்கு மேலானது இதுதான். ரசிகர்களுக்கு இது இன்னொன்றையும் காட்டியது: பழைய துண்டுகளைச் சேர்த்து முழுப்பாட்டு ஆக்க முடியும்.

1980களில் திருட்டு இசைத்தட்டுகள் புழங்க ஆரம்பித்தன. ஸ்டுடியோ டேப்புகளின் பிரதிகள் கைமாறி வந்தன. நகலின் நகலின் நகல், இரைச்சலோடு. ஆனால் ரசிகர்களுக்கு முதல்முறையாக மூலப்பொருள் கிடைத்தது. வீட்டு கேசட் ரெக்கார்டரில் ஆளுக்கொரு ஸ்மைல் தயாரானது. 1988இல் டொமினிக் பிரியோர் என்ற ரசிகர் பழைய பத்திரிகைத் துணுக்குகள், விளம்பரங்கள், கட்டுரைகள் எல்லாவற்றையும் திரட்டி ஒரே தொகுப்பாக வெளியிட்டார். 1993இல் கேபிடல் வெளியிட்ட முப்பதாண்டுத் தொகுப்பில் சுமார் அரை மணி நேர ஸ்மைல் பதிவுகள் தெளிவான ஒலியில் வந்தன.

இந்தக் கட்டத்தில் ரசிகர் பேச்சின் தரம் மாறியதாக நினைக்கிறேன். புராணத்தை நம்புவதை விட்டு அதைச் சோதிக்க ஆரம்பித்தார்கள். சோதிக்க ஆவணமும் இருந்தது. பிரையனின் பதிவுகளில் வாசித்தவர்கள் கரோல் கே, ஹால் பிளெய்ன் போன்ற கூலி வாத்தியக்காரர்கள். அவர்களுக்குச் சம்பளம் இசைக்கலைஞர் சங்கத்தின் வழியாகப் போகும். அதனால் ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு தாள் உண்டு: தேதி, ஸ்டுடியோ, நேரம், யார் யார் வந்தார்கள், எந்தப் பாட்டு. டேப் பெட்டிகளின் மேலும் எழுத்து இருக்கும். இவற்றை ஒப்பிட்டு ஒரு நாட்காட்டியே தயாரானது. நாட்காட்டி வந்ததும் சில கதைகள் நின்றன, சில விழுந்தன.

நெருப்புக் கதையை எடுத்துக்கொள்வோம். 1966 நவம்பர் 28 அன்று கோல்ட் ஸ்டார் ஸ்டுடியோவில் 'தி எலிமென்ட்ஸ்' என்ற, நிலம், நீர், காற்று, நெருப்பு ஆகிய நான்கு பூதங்களின் வரிசையில் நெருப்புப் பகுதி பதிவானது. 'மிஸஸ் ஓ'லியரிஸ் கௌ' என்று அதற்குப் பெயர். 1871இல் சிகாகோ நகரம் தீப்பிடித்து எரிந்ததற்கு ஓ'லியரி அம்மாளின் பசு விளக்கைத் தட்டிவிட்டதுதான் காரணம் என்று ஒரு நாடோடிக் கதை உண்டு. வயலின்கள் ஓலமிட்டு ஏறி இறங்க, கீழே டிரம்ஸ் அதிர, கேட்கவே குலைநடுங்கும் இசை. வாத்தியக்காரர்கள் எல்லோருக்கும் பிரையன் விளையாட்டுத் தீயணைப்புத் தொப்பி போட்டுவிட்டார். புகை வாசம் வேண்டும் என்று வாளியில் விறகைக் கொளுத்தி வைத்தார். படங்கள் இருக்கின்றன, சாட்சிகள் இருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு கட்டடம் எரிந்த செய்தி பிரையன் காதுக்கு வந்தது. தன் இசைதான் காரணமோ என்று பயந்து அந்தப் பதிவை ஒதுக்கி வைத்தார். இதுவரைக்கும் உண்மை. ஆனால் அந்த டேப்பையே எரித்துவிட்டார் என்று கதை வளர்ந்தது. பிரையனே சில பேட்டிகளில் அழித்துவிட்டதாகச் சொன்னார். டேப் அழியவே இல்லை. அதே மெட்டு, அடக்கமான வேறு வடிவில், 1967இன் 'ஸ்மைலி ஸ்மைல்' ஆல்பத்திலேயே இருக்கிறது.

இன்னொன்று, பீட்டில்ஸின் 'சார்ஜண்ட் பெப்பர்' ஆல்பத்தைக் கேட்டு மனமுடைந்து பிரையன் ஸ்மைலைக் கைவிட்டார் என்பது. இன்றும் பத்திரிகைகள் இதைத்தான் எழுதுகின்றன. தேதியைப் பாருங்கள். ஸ்மைல் கைவிடப்பட்ட செய்தி மே 6. 'சார்ஜண்ட் பெப்பர்' கடைக்கு வந்தது மே மாதக் கடைசியில். பிப்ரவரியில் வந்த 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' பிரையனைக் கலங்கடித்தது என்று உடனிருந்தவர் சொன்ன சாட்சியம் உண்டு, அதை ஏற்கலாம். ஆனால் ஓர் ஆல்பம் இன்னொன்றைக் கொன்றது என்ற கதை நாட்காட்டிக்கு முன் நிற்காது.

மைக் லவ் விஷயம்தான் மிகச் சூடான வாதம். 'கேபினெசென்ஸ்' பாட்டின் முடிவில் காகமும் சோளக்கொல்லையும் வரும் ஒரு வரிக்கு என்ன அர்த்தம் என்று 1966 டிசம்பரில் அவர் பார்க்ஸைக் கேட்டார். பார்க்ஸால் விளக்க முடியவில்லை, விளக்க விரும்பவும் இல்லை. புராணத்தில் இதுதான் வில்லன் நுழையும் காட்சி. அந்த வரியைப் பதிவில் பாடியிருப்பது யார் தெரியுமா? மைக் லவ்தான். அர்த்தம் புரியாமலே முழுக் குரலில், நன்றாகவே பாடியிருக்கிறார். அவருடைய எதிர்ப்பு பிரையனைப் புண்படுத்தியது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே மாதங்களில் நடந்த மற்றவற்றையும் பாருங்கள். 1967 பிப்ரவரியில் ராயல்டி பாக்கி கேட்டுக் குழு கேபிடல் மீதே வழக்குப் போட்டது. வியட்நாம் போருக்கு ஆள் எடுக்கும் உத்தரவை மறுத்ததற்காகக் கார்ல் கைதானார். பார்க்ஸ் வார்னர் நிறுவனத்தில் தன் சொந்த ஆல்பத்துக்காக விலகிப்போனார். இத்தனைக்கும் நடுவில் 'ஹீரோஸ் அண்ட் வில்லன்ஸ்' துண்டுகள் முடிவுக்கு வரவே மறுத்தன. அவற்றோடு பிரையனின் மனநலமும் போதைப்பொருள் பழக்கமும். ஒரே ஒருவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது அந்த ஆண்டுக்கே அநியாயம்.

இப்போது 2003. பிரையனின் மேடைக் குழுவில் டேரியன் சஹானஜா என்ற இசைக்கலைஞர் இருந்தார். வொண்டர்மின்ட்ஸ் குழுவைச் சேர்ந்தவர், திருட்டு டேப்புகளில் ஸ்மைலைக் கேட்டு வளர்ந்தவர். ஸ்மைலை மேடையில் வாசிப்பது என்று முடிவானதும், கிடைத்த துண்டுகளை எல்லாம் தன் லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டு பிரையன் வீட்டுக்குப் போனார். ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினார். பிரையனுக்கு அந்த இசை என்றாலே பயம். மெல்ல மெல்ல இது அதோடு சேரும் என்று சொல்லத் தொடங்கினார். பழைய வரித் தாளில் ஒரு வார்த்தை புரியவில்லை. உடனே பிரையன் பார்க்ஸுக்கே போன் போட்டுக் கேட்டார். அந்த அழைப்பின் தொடர்ச்சியாகப் பார்க்ஸும் வந்து சேர்ந்து, வரி இல்லாத இடங்களுக்குப் புதிதாக எழுதிக் கொடுத்தார். அமெரிக்காவின் கதை, பிறப்பு முதல் வளர்ச்சி வரை, நான்கு பூதங்கள் என்று மூன்று பகுதிகளாக இசை உருவெடுத்தது. 2004 பிப்ரவரி 20 அன்று லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் முதன்முறையாக அரங்கேறியது. அதே ஆண்டு செப்டம்பரில் புதிய பதிவாகவும் வந்தது. முப்பத்தெட்டு ஆண்டு பயமுறுத்திய அந்த நெருப்புப் பகுதிக்குத்தான் பிரையனின் முதல் கிராமி விருது கிடைத்தது. எனக்கு இதில் இன்றுவரை ஒரு சந்தோஷம்.

அந்த முயற்சியை ஆவணப்படமாக எடுத்த டேவிட் லீஃபும் 1970களில் பீச் பாய்ஸுக்காக ரசிகர் இதழ் நடத்தியவர்தான். வெளியே நின்று பேசிக்கொண்டிருந்தவர்கள் உள்ளே வந்து கைகொடுத்தார்கள்.

2011 அக்டோபர் கடைசியில் 'தி ஸ்மைல் செஷன்ஸ்' வந்தது. 1966-67 டேப்புகளிலிருந்து மார்க் லினட்டும் ஆலன் பாய்டும் சக தயாரிப்பாளர்களோடு சேர்ந்து தொகுத்தது. வரிசைக்கு அவர்கள் பின்பற்றியது 2004 வடிவத்தை. ஆகவே நாம் கேட்கும் '1967 ஆல்பத்தின்' எலும்புக்கூடு, திருட்டு டேப் கேட்டு வளர்ந்த ஒரு ரசிகர் பிரையனோடு உட்கார்ந்து 2003இல் உருவாக்கியது. பல தட்டுகள் கொண்ட அந்தத் தொகுப்புப் பெட்டிக்கு 2013இல் சிறந்த வரலாற்று ஆல்பத்துக்கான கிராமியும் கிடைத்தது.

வாதம் அதோடு முடிந்துவிடவில்லை, முடியவும் கூடாது. 1966 டிசம்பரில் கேபிடலுக்குப் போன கையெழுத்துப் பட்டியல் ஒன்று இருக்கிறது. பன்னிரண்டு பாடல்கள். அதில் மூன்று பகுதி என்ற பேச்சே இல்லை. இருக்கவும் முடியாது, அன்றைய இசைத்தட்டுக்கு இரண்டே பக்கம். 2004 வடிவத்தில் 'விண்ட் சைம்ஸ்' நான்கு பூதங்களின் பகுதியில் வருகிறது. பட்டியலிலோ 'தி எலிமென்ட்ஸ்', 'வேகா-டேபிள்ஸ்', 'விண்ட் சைம்ஸ்' மூன்றும் தனித்தனிப் பாடல்கள். பட்டியலை எழுதிய கை பிரையனுடையதா என்பதிலேயே சந்தேகம். காற்றுக்கு உரிய பகுதி எது என்பதற்கும் ஒரே பதில் இல்லை. 2004 வடிவம் அழகானது, ஆனால் அறுபத்தொரு வயது பிரையன் மேடைக்காகச் செய்தது. இருபத்து நான்கு வயது பிரையன் இதைத்தான் செய்திருப்பார் என்று சொல்வோரோடு நான் உடன்படவில்லை. பன்னிரண்டு தனிப்பாடல்களாக, இன்னும் சிக்கனமாக, 'குட் வைப்ரேஷன்ஸ்' உட்பட இரண்டு பக்கத்தில் முடிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். பிரையன் 2025 ஜூன் 11 அன்று காலமானார். அவரிடம் இனிக் கேட்க முடியாது. கேட்டிருந்த காலத்திலும் அவர் பதில் பேட்டிக்குப் பேட்டி மாறியது.

புதிதாகக் கேட்க வருபவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். 'தி ஸ்மைல் செஷன்ஸ்' முதல் தட்டை ஒரே அமர்வில் கேளுங்கள். அதன் பெரும்பகுதி மோனோ ஒலிதான், அதாவது இரு காதுக்கும் ஒரே ஒலி. பிரையனுக்கு வலது காது கேட்டதில்லை, அவர் மனதில் இருந்த ஒலி அதுவே. பிறகு 'ஸ்மைலி ஸ்மைல்' கேட்டு, அதே பாடல்கள் எப்படிச் சுருங்கின என்று பாருங்கள். அப்புறம் பெட்டியின் இரண்டாம் தட்டு. 'ஹீரோஸ் அண்ட் வில்லன்ஸ்' துண்டுகள் வரிசையாக அதில் இருக்கின்றன. உங்களுக்குப் பிடித்த ஆறேழைப் பொறுக்கி, உங்கள் வரிசையில் ஒட்டிப் பாருங்கள். முதலில் 'பைசைக்கிள் ரைடர்' மெட்டை எங்கே வைப்பது என்ற கேள்விதான் வரும்.